தாளிக்காத லைன்

சிங்காநல்லூரில் மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி எங்கள் லைன் வீடு இருக்கிறது. ஆறு வீடு, ஒரே வாசல், ஒரே குழாய். முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா. அன்னூர்ப் பக்கம் தோட்டத்தை விற்று இதை வாங்கியவர். அடுத்தது நான். பம்பு மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவள். எனக்கு அடுத்து தையற்கடைக்காரர் குடும்பம். டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்த முஸ்லிம்கள், அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள். எதிர்ச்சாரியில் பாலக்காட்டுப் பேக்கரிக்காரர்கள், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் ஒரு பழைய மில் தொழிலாளி, கடைசியில் ஒடிசாக்காரப் பையனும் அவன் பெண்டாட்டியும்.

இதைப் பார்த்துவிட்டு யாராவது ஒற்றுமை என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். காலையில் குழாயடிக்கு வந்து நின்று பார்க்கட்டும். பேக்கரி வீட்டு மீன் நாற்றம் வீட்டுக்காரம்மாவுக்கு ஆகாது. ஒடிசாப் பையன் செருப்பை எங்கே விட்டாலும் தப்பு. எதிலும் ஒத்துப்போகாத இந்த ஆறு வீடும் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்று. அது அம்மை. அந்த ஒற்றுமைக்குத்தான் நான் இன்னும் பயப்படுகிறேன்.

போன பங்குனி வெயிலில் ஒடிசாப் பெண்ணுக்கு அம்மை போட்டது. அவளுக்கு ஏழு மாதம். புருஷனைக் கம்பெனி பெருந்துறைக்கு அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவான். முகத்தில் கொப்புளத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா அவள் வாசலில் வேப்பிலை செருகினார். அன்றிலிருந்து லைனில் யாரும் தாளிக்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் கடுகு வெடிக்கக்கூடாது, ஆத்தாளுக்கு ஆகாது. ஒரே வாசல் என்பதால் ஆறு வீட்டுக்கும் அதே விதி. பேக்கரிக்காரர்கள் மீன் வாங்கவில்லை. தையற்கடை அக்கா வீட்டில் கறி வேகவில்லை. மில்காரர் மட்டும் புலம்பினார், "ஆத்தா அந்தப் புள்ளைக்கு வந்தாங்களா, என்ற நாக்குக்கு வந்தாங்களான்னு தெரியலீங்க" என்று.

எல்லாரும் இளநீரும் கம்பங்கூழும் கொண்டுபோய் அவள் வாசற்படியில் வைத்தார்கள். வைத்துவிட்டு நகர்ந்தார்கள். உள்ளே யாரும் போகவில்லை. ஆத்தா இருக்கிற இடத்துக்குக் கண்டபடி போகக்கூடாதாம்.

டாக்டரிடம் காட்டலாம் என்று முதலிலேயே சொன்னேன். மருந்து பட்டால் அம்மை உள்ளே இறங்கிவிடும், மூணு தண்ணி ஊத்தித் தலை முழுகின பிறகு பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரம்மா. அந்தப் பெண்ணும் வர மாட்டேன் என்றாள். அவள் ஊரிலும் இதற்கு 'மா', அம்மா என்றுதான் பெயராம். எங்களுக்கும் அவளுக்கும் பேச்சே பாதிதான் புரியும். இது மட்டும் எப்படி முழுசாகப் புரிந்ததோ.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது, அதனால் நான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு காலை வேலைக்குப் போகும் முன் எட்டிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுக்க முடியவில்லை. "அக்கா" என்றாள், நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், அதற்கு மேல் பேச வரவில்லை. உதடு வெளுத்திருந்தது. ஊரே நாக்கை அடக்கிக்கொண்டு கிடந்தது, இவளுக்கு மூச்சு முட்டுவதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

புருஷனுக்குப் போன் போட்டேன். ஓனரம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு நேராக வந்து சேர் என்று கத்திவிட்டு வைத்தேன். தையற்கடைக்காரர் துணி ஏற்றும் வேனை எடுத்தார். அவர் மனைவியும் நானும் அந்தப் பெண்ணை ஆளுக்கொரு பக்கம் தாங்கி வெளியே கொண்டுவந்தோம். கேட்டில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். அதட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுனா ஆகாதுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றனுங்க. வழிய உடுங்க."

சொல்லிவிட்டேன். வேன் ரயில்வே கேட்டைத் தாண்டும் வரைக்கும் அவளை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. மாசமாக இருக்கிறவளுக்கு அம்மை வந்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டாமா, ஆறு வீட்டில் ஒருத்தருக்குமா தெரியாது என்று திட்டினார். வயிற்றுப் பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, தாய்க்குத்தான் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆக்சிஜன் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் தையற்கடை அக்கா உதட்டை அசைத்துத் துவா செய்துகொண்டிருந்தார். எனக்கு ஆற்றாமை. நீங்களும் எதற்குத் தாளிக்காமல் கிடந்தீர்கள், உங்களுக்கு என்ன ஆத்தா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எல்லாரும் செய்யறப்ப நாங்க மட்டும் கறியை வேக வச்சு, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, பழி யாரு மேல வரும் சொல்லு? அதான் நீ வந்து கூப்புடற வரைக்கும் பாத்துட்டு இருந்தேன். எங்க ஊட்டு ஆளும் வேன்ல டீசல் போட்டே வச்சிருந்தாரு."

இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வேறு ஒருத்தர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கேட்டில் நான் சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கே முழுசாக உறைத்தது. உள்ளே அவள் போய்விட்டால், கொன்றவள் நான். வேன் ஓட்டியவர் முஸ்லிம், அவர் இன்னும் பெரிய குற்றவாளி. அந்தப் பழி லைனோடு நிற்காது.

புருஷன் பெருந்துறையிலிருந்து கம்பெனி யூனிபாரத்தோடு ஓடிவந்தான். அவனையும் என்னையும் உள்ளே விட்டார்கள். மூக்கில் மாஸ்க் வைத்திருந்த அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். "அக்கா, மா கோபமா?"

"இல்ல கண்ணு. பேசாத. மூச்ச இழு."

பிழைத்தாள். வைகாசியில் பையன் பிறந்தான், நல்ல எடை. ஆத்தா காப்பாத்திக் குடுத்தாங்க என்று வீட்டுக்காரம்மா பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட்டு அழுதார். சொல்லிக்கொள்ளட்டும். கொலுசு நிஜம்தான், அவர் அழுததும் நிஜம்தான். அவர் கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது லைனில் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால், நானும் தையற்கடை அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். இந்தத் தடவை யார் முதலில் வாயைத் திறப்பது என்று.