மூன்று தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டியது இல்லை. அன்று நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. நடுராத்திரியும் இல்லை. மாலை ஐந்து, ஆறு மணி, கண்ணுக்கு எல்லாம் தெரியும் வெளிச்சம் இருந்தது.

பந்தயப் பாய்மரப் படகுகளுக்குக் கம்பி முறுக்கிக் கொடுப்பது என் தொழில். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவது இரண்டு பக்கமும் இருக்கும் எஃகுக் கம்பிகள்தான். இரண்டும் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் படகு ஒரு பக்கம் பறக்கும், மறுபக்கம் நொண்டும். ரொம்பப் பிசகினால் நடுக்கடலில் மரம் ஒடிந்து ஆள் தலையில் விழும்.

அந்தப் படகு என் தங்கை கணவனுடையது. கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் கூட்டாளிகள் என்பதால் மாப்பிள்ளை மரியாதை எல்லாம் எங்களுக்குள் கிடையாது. போன மாதம்தான் யாரோ ஐந்து வருடமாகப் போட்டு வைத்திருந்த பழைய படகைப் பிடித்து வந்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் பந்தயம். நான் கருவிப் பையைத் தூக்கும்போது தங்கை வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, அந்த மரம் அவர் தலையில விழாம பாத்துக்கோ."

"அவன் தலையில விழுந்தா மரத்துக்குத்தான் சேதம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

5:10. படகுத் துறையில் கட்டியிருந்த படகில் ஏறி, வலது கம்பியில் இறுக்கம் அளக்கும் மீட்டரை மாட்டினேன். 28. இடது கம்பியையும் திருகி 28-க்குக் கொண்டுவந்தேன். வேலை முடிந்தது. கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, சும்மா இன்னொரு தடவை பார்த்தேன்.

வலது 28. இடது 24.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். மீட்டரில் கோளாறு இல்லை. மறுபடி திருகினேன். 28. பத்து நிமிடம் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கம்பி அசையவில்லை. மீட்டரை மாட்டினேன்.

24.

அப்படியென்றால் உச்சியில்தான் ஏதோ நழுவுகிறது. ஏறிப் பார்க்காமல் மாப்பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப முடியாது. பதினான்கு மீட்டர் உயரம். கேன்வாஸ் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வோம். இருக்கையில் கட்டிய கயிறு உச்சியில் உள்ள கப்பி வழியாகக் கீழே கயிறு சுற்றும் உருளைக்கு, அதாவது வின்ச்சுக்கு வரும். கீழே ஒருவன் சுற்ற, நாம் மேலே போவோம். மேலே காற்றில் பேச்சு கேட்காது. அதனால் ஸ்பேனரால் மரத்தைத் தட்டிப் பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். உள்ளே வெற்றுக் குழாய் என்பதால் சத்தம் நன்றாக ஓடும். ஒரு தட்டு, இறக்கு. இரண்டு தட்டு, ஏற்று. மூன்று தட்டு, கயிற்றை விடாதே, பிடி.

மாப்பிள்ளை 5:45-க்கு வருவதாகச் சொல்லியிருந்தான். 5:52-க்கு நான் மரத்தைப் பார்த்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, கயிறு விறைத்தது.

டொக்... டொக்.

"வந்துட்டியா? தொரைக்கு இப்பதான் நேரம் கிடைச்சுதா?"

பதில் இல்லை. காலையில் திட்டியிருந்தேன், முறுக்கிக்கொண்டு இருக்கிறான் என்று நினைத்தேன். ஓரக்கண்ணில் அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது.

எங்கள் தொழிலில் இரண்டு விதிகள் உண்டு. இரண்டாவது கயிறு கட்டாமல் ஏறக் கூடாது. கயிறு பிடிப்பவன் முகத்தைப் பார்க்காமல் ஏறக் கூடாது. வெளிச்சம் போகிறதே என்ற அவசரத்தில் இரண்டையும் கோட்டை விட்டேன். பதிலுக்கு இரண்டு தட்டினேன்.

மேலே போனேன்.

பாதி உயரத்தில்தான் உறைத்தது. வின்ச் சுற்றினால் டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். வரவில்லை. மாப்பிள்ளை படகில் கால் வைத்தால் படகே ஒரு பக்கம் சாயும், அவ்வளவு உடம்பு. சாயவில்லை. அவன் சுற்றினால் மூச்சு வாங்குவான், முனகுவான், நான் குலுங்கிக் குலுங்கித்தான் போவேன். இன்றைக்கு லிஃப்டில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தேன்.

6:03. உச்சி.

இடது கம்பியின் முனையைப் பார்த்தேன். ஆணி சரி. விரிசல் இல்லை. நழுவவே இல்லை. எல்லாம் கச்சிதமாக இருந்தது.

6:07. என் சட்டைப் பையில் போன் அடித்தது.

அடித்த அந்த நொடியே...

டொக் டொக் டொக்.

என் முழங்காலில் மரம் அதிர்ந்தது. போன் மறுபடி அடித்தது.

டொக் டொக் டொக். டொக் டொக் டொக்.

எடுத்தேன்.

"மச்சான், கோச்சுக்காத. வண்டி பஞ்சர். இப்பதான் கேட்டுக்குள்ள வரேன்."

கேட் பக்கம் திரும்பினேன். அவன் வண்டிதான். அவன்தான். இறங்கி, என்னைப் பார்த்துக் கை ஆட்டினான்.

குனிந்து கீழே பார்த்தேன்.

வின்ச் பக்கத்தில் மழைக்கோட்டின் மஞ்சள் தொப்பி. அசையவில்லை.

"மச்சான்? மேலயா இருக்க? யாரு கயிறு பிடிக்கிறா?"

டொக் டொக் டொக். டொக் டொக் டொக்.

போனை அணைத்தேன்.

தட்டு நின்றது.

பதினான்கு மீட்டர். ஒரே கயிறு.

தங்கை முகம் கண்ணுக்குள் வந்தது. சொல்ல வெட்கமில்லை, அழுதேன். கடைசியில், ஸ்பேனரை எடுத்து ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

டொக்.

ஒன்றுமில்லை...

ஒன்றுமில்லை...

இறங்க ஆரம்பித்தேன்.

மெதுவாக. குறுக்குக் கம்பி வந்த இடத்தில் நின்றது. நான் காலை விலக்கியதும் மறுபடி இறங்கியது. மரம் ஏறிப் பழகியவனுக்குத்தான் அந்த நிதானம் வரும்.

6:14. கால் படகின் மேல்தளத்தைத் தொட்டது. யாரும் இல்லை. மழைக்கோட்டு வின்ச்சுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கயிறு வின்ச்சில் சுற்றப்படவே இல்லை. அதன் முனை தளத்தில் கிடந்தது.

கரையில் மாப்பிள்ளை நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"நீ இறங்குறதைப் பாத்தேன் மச்சான். கயித்த... யாருமே பிடிக்கல."

மீட்டரை எடுத்து இடது கம்பியில் மாட்டினேன்.

28.

பந்தயத்துக்குப் போகவில்லை. மாப்பிள்ளை அன்று இரவே பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, விட்டுவந்த கருவிப் பையை எடுக்கத் தனியாகப் போனேன். கேட்டில் காவல்காரர் என்னை நிறுத்தினார். வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"தம்பி, நேத்து இடது கம்பி நிக்கலையா?"

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, இதே படகு. ஒருத்தன் அதுக்குத்தான் ஏறினான், உசுரோட இறங்கல. அப்போ வின்ச்ல நான்." என் சட்டைப் பையைக் காட்டினார். "மேல இருக்கும்போது போன் அடிச்சுதா?"

"அடிச்சுது."

"தட்டினானா?"

"மூணு மூணா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கும் தட்டினான். என் போன் அடிச்சுது. நான் பைக்குள்ள கை விட்டத மேலேருந்து பாத்துட்டான். மூணு மூணா தட்டினான். எனக்குக் கேட்டுச்சு தம்பி. ஒரு நிமிஷம்தானேன்னு கயித்த ஒத்தைக் கைக்கு மாத்திட்டு எடுத்தேன்."

ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

"போன்ல யாரு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த அந்தப் பாய்மர உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பொண்டாட்டி. அவன் போன எடுக்கலன்னு எனக்குப் போட்டா. 'அவரு மேலயா இருக்காரு அண்ணா?'ன்னு பயந்துகிட்டே கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பயப்படாதம்மா, கயிறு என் கையிலதான் இருக்குன்னு சொன்னேன்."