மானாப்புல் பெட்டியில் வெந்த கறி உருண்டை

அந்தக் கறி உருண்டையை இன்னைக்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன். செய்றதில்ல. மருமக கேட்டா, மறந்துபோச்சுன்னு பொய் சொல்லிடுவேன்.

பசறைக்கு மேல, பஸ் ரோட்டுலேருந்து ரெண்டு மைல் உள்ளுக்கு இருந்துச்சு எங்க தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர் தோட்டத்தை நிர்வாகம் பண்ற பெரிய துரை பங்களாவுல சமையக்காரர். நான் அவருக்குக் கையாளு. குசினிக்குப் பின்னால தகரக் கூரை போட்ட ஒரு அறை, அதுல ஒரே ஒரு சன்னல், அதுதான் எங்க குடித்தனம். தோட்டத்து ஆளுங்க இருக்குற லயத்துல ஒத்தை அறைக் காம்பராவுல எங்க அண்ணன் குடும்பத்தோட எட்டுப் பேரா முடங்கிக் கிடந்தவளுக்கு அது அரண்மனைங்க. ஆனா பங்களா வேலைக்கு ஏறின அன்னைக்கே எங்க ரெண்டு பேரோட பேரையும் செக்ரோல்ங்கிற தோட்டத்து ஆள் பதிவுலேருந்து வெட்டிட்டாங்க. செக்ரோல்ல பேர் இருந்தாத்தான் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிக்கலாம், லயத்துல காம்பரா கேக்கலாம். பேர் இல்லாதவன் அந்தத் தோட்டத்துல ஆளே இல்ல. துரை இருக்காரே, நமக்கென்னன்னு இருந்துட்டோம்.

எழுபதுகள்ல ஒரு வருஷம், துரையே போறதுன்னு ஆயிடுச்சு. தோட்டத்தையெல்லாம் அரசாங்கம் எடுக்கப் போகுதுன்னு பேச்சு. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருத்தரா சாமான் கட்டிக்கிட்டு இருந்தாங்க. லயத்துல யாரும் சத்தமாப் பேசுறதில்ல. பஞ்சம் வேற. பாணு ரொட்டிக்கு விடியக் காலையில வரிசை, அரிசிக்கு வரிசை, மரவள்ளிக்கிழங்கு கிடைச்சா அன்னைக்கு விருந்து. புதைகாட்டுல புது மண்ணு காயவே இல்ல அந்த வருஷம். முக்காவாசியும் சின்னக் குழிங்க.

அப்ப எனக்கு அஞ்சு மாசம். அதுக்கு முன்னால ரெண்டு வயித்துலயே போயிருச்சு. இதாவது தங்கணும், இதைப் பெத்துப் போட ஒரு கூரை வேணும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே நெனப்பு அதுதான்.

ஒருநாள் துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாரு: "புதுத் துரை வாறார். கிளப்புல பகல் விருந்து. அவருக்கு உன் சமையல் பிடிச்சா உன்னை வச்சுக்குவார். நல்லாச் செய்."

அவ்வளவுதான். அந்த மனுஷன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. "ஏ புள்ள, எல்லாம் அந்த ஒரு நாளுலதான் இருக்கு"ன்னாரு.

விருந்துக்கு என்ன செய்றதுன்னு துரையோட சம்சாரம் துரைசானிதான் முடிவு பண்ணினாங்க. நின்னுக்கிட்டே பேசிப் பேசிக் குடிக்கிறவங்களுக்குக் குச்சியில குத்தி எடுத்து வாயில போடுற மாதிரி சின்னச் சின்னக் கறி உருண்டை. அதுலயும் ஒரு வேடிக்கை. அடுப்புல வச்சுக் கிண்டிக்கிட்டே இருக்க வேணாமாம். ஒரு கொதி கொதிக்க வச்சு, மூடி போட்டு, புல்லு நெறைச்ச பெட்டிக்குள்ள புதைச்சு வச்சா, அந்தச் சூட்டுலயே மூணு மணி நேரத்துல தன்னால வெந்துருமாம். சண்டைக் காலத்துல அவங்க ஊர்ல அடுப்பெரிக்க எண்ணெய் இல்லாதப்ப அப்படித்தான் சமைச்சாங்களாம். "ரொம்ப லேசு"ன்னாங்க துரைசானி. லேசுதான், அரைக்கிறது நானு, உருட்டுறது நானு.

பசறை பாய் கடையில வாங்கின ஆட்டுக்கறி. மேசையில திருகி மாட்டுற இரும்பு மெஷின்ல ரெண்டு தடவை அரைச்சேன். தோலு நீக்கின பாணைப் பால்ல ஊறவச்சுப் பிழிஞ்சு அதுல சேக்கணும். நாலு ராத்தல் பாணுங்க! லயத்துல பிள்ளைங்க கால் ராத்தலுக்கு அழுதுக்கிட்டுக் கிடக்க, நான் இங்க பாணைப் பால்ல முக்கிக்கிட்டு இருக்கேன். என் கை நாறிப்போச்சுன்னு தோணுச்சு. பொடியா வெட்டின வெங்காயம், மிளகுத்தூள், துருவின சாதிக்காய், முட்டை, உப்பு எல்லாம் போட்டுப் பிசைஞ்சு, கையில தண்ணியைத் தொட்டுக்கிட்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினேன். இருநூறு உருண்டை. என் வீட்டுக்காரர் பட்டர்ல மேலாப்புல செவக்க விட்டு எடுத்தாரு. தக்காளி சோஸ், வினாகிரி, சீனி, இடிச்ச இஞ்சி கலந்த குழம்புல அதையெல்லாம் போட்டு ஒரு கொதி.

பெட்டிங்கிறது பழைய தேயிலைப் பெட்டி. எங்க பக்கம் வைக்கோலுக்கு எங்க போறது? பத்தனைப் புல்வெளியில வெட்டின மானாப்புல்லைக் காயவச்சு அடைச்சோம். நடுவுல பானையை இறக்கி, மேல புல்லு மெத்தை வச்சு, கம்பளியைப் போட்டுத் துரைசானியே கயித்தால கட்டினாங்க. "நான் வந்து திறப்பேன். நீ திறக்காதே"ன்னு விரலை ஆட்டினாங்க.

காருல துரையும் துரைசானியும் பூவும் கண்ணாடிச் சாமானும். உருண்டையைச் செவக்க விட்டுக் குடுத்த கையோட என் வீட்டுக்காரர் லொறியில போயிட்டாரு. பெட்டியைக் காருல வைக்க முடியாதாம், வளைவுல குலுங்கினா உருண்டை உடைஞ்சுருமாம். ஆகையால வயித்துப்பிள்ளைக்காரி தலையில வச்சுக்கிட்டுக் குறுக்குப் பாதையில போகணும். வாய்க்குள்ளயே நல்லாத் திட்டினேன்.

குறுக்குப் பாதை புதைகாட்டு ஓரமாப் போகுது. நேரமோ உச்சிப் பொழுது.

எங்க சனத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், உச்சி வேளையில கறி வாசத்தோட தனியா நடக்கக் கூடாது. வாசத்துக்குக் கூடவே வரும். என்ன வரும்னு யாரும் வாயால சொல்றதில்ல. கொண்டுபோயே ஆகணும்னா கறிச்சட்டிக்குள்ள ஒரு கரித்துண்டோ, இரும்போ போட்டுத்தான் எடுப்போம். நான் காலையிலேயே போட்டிருப்பேன். துரைசானி கண்ணு என் கையை விட்டு நகரலையே! மடியில கரித்துண்டு ஒண்ணு முடிஞ்சு வச்சிருந்தேன். அது மடியில இருந்து என்ன புண்ணியம், கறியில இருக்கணும்.

அன்னைக்கு வெயிலும் இல்ல. மலையிலேருந்து மூட்டம் இறங்கி, பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. கொழுந்து எடுக்குற சத்தம்கூட இல்ல. புதைகாடு கிட்ட வந்தப்ப பின்னால ஏதோ நடக்குற மாதிரி இருந்துச்சு. நின்னேன், அதுவும் நின்னுச்சு. நாயா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு நடந்தேன். அப்பத்தான் அடிவயித்துல சுருக்குன்னு ஒரு இழுப்பு. போன ரெண்டு தடவையும் அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.

பெட்டியை இறக்கினேன். கயித்தை அவுத்தேன். மடியில பாத்தா கரித்துண்டு எங்கேயோ விழுந்து போயிருக்கு. தேயிலைப் பெட்டி மூலையில தகரப் பட்டியைப் பிடிச்சிருந்த ஆணி ஒண்ணு லூசா ஆடுச்சு. அதைப் புடுங்கி, மூடியைத் தூக்கி, உருண்டைங்க மேலாக வச்சேன். போய்ச் சேர்ந்ததும் எடுத்துரலாம்னு நெனச்சேன். ஆவி முகத்துல அடிச்சுது. நான் கண்ணைத் தொடைச்சுட்டுப் பாக்குறதுக்குள்ள ஆணி வழுக்கி உள்ள போயிருச்சு. கரண்டி இல்ல. கொதிக்கிற குழம்பு. விரலை விட்டேன், வெந்துபோச்சு, எடுத்துட்டேன். அவசர அவசரமா மூடிக் கட்டிக்கிட்டு நடந்தேன். வயித்து வலி நின்னுருச்சு. அதுக்குப் பதிலா நெஞ்சுல அந்த ஆணி ஏறி உக்காந்துச்சு.

கிளப்புப் பின்வாசல்ல ஒரு வெயிட்டர் பெட்டியைப் பிடுங்காத குறையா வாங்கிட்டுப் போயிட்டான். வேலைக்காரப் பொம்பளைங்க உள்ள வரக் கூடாதாம். நான் வாசப்படியில நின்னு கையை ஆட்டி ஆட்டி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"இந்தாங்க, பானைக்குள்ள ஒரு ஆணி கிடக்கு."

"என்ன ஆணி?"

"புதைகாட்டுல போட்டேன். பயந்துட்டேங்க."

"அடிப் பாவி, நம்ம கதையை முடிச்சிட்டியேடி"ன்னாரு. திரும்பி ஓடினாரு. அதுக்குள்ள துரைசானி வந்து கயித்தை அவுத்துக்கிட்டு இருந்தாங்க. சன்னல் வழியா எல்லாம் தெரிஞ்சுது. உருண்டை நல்லாத்தான் வெந்திருந்துச்சு, துரைசானி கையைத் தட்டுனாங்க. என் வீட்டுக்காரர் கரண்டியால துழாவித் துழாவிப் பாத்தாரு. "கிண்டாதே, உடையும்"னு அவங்க கரண்டியை வாங்கி, தானே தட்டுல அள்ளி வச்சாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு குச்சி.

தட்டு போச்சு, காலியா வந்துச்சு. மறுபடி போச்சு. ஒவ்வொரு தடவையும் உள்ள யாராவது கத்துவாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். சிரிப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. ஆணி யார் வாயில இருக்கு, யார் தொண்டையில இருக்கு? என் பிள்ளைக்குக் கூரையே இல்லாமப் பண்ணிட்டேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

அப்ப உள்ள சிரிப்பு சட்டுனு நின்னுச்சு.

கொஞ்ச நேரத்துல ஒருத்தர் பின்வாசலுக்கு வந்தாரு. நாப்பது வயசு இருக்கும், வெள்ளைக் கால்சட்டை, மெதுவான பேச்சு. இவர்தான் புதுத் துரைன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பின்னாலேயே என் வீட்டுக்காரர் தட்டோட வந்து நின்னாரு. புதுத் துரை கையை விரிச்சாரு. உள்ளங்கையில ஆணி.

"இது யார் போட்டது?" சிங்கள வாடை அடிச்ச தமிழ்.

"நான்தாங்க"ன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு.

"இல்லீங்க, நான்தான். அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க"ன்னு நான் முந்திக்கிட்டேன்.

அவர் என்னைப் பாத்தாரு, என் வயித்தைப் பாத்தாரு. "புதைகாட்டுப் பக்கமாவா வந்தீங்க?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். "எங்க அம்மாவும் போடுவாங்க. பலகாரம் சுட்டு எடுத்துட்டுப் போனாக்கூட இரும்பு போடாம விட மாட்டாங்க. உள்ள நான் ஆணின்னு சொல்லல, பல்லுல எலும்பு மாட்டுச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்"ன்னாரு. ஆணியை என் கையிலேயே குடுத்துட்டாரு.

சாமியே எறங்கி வந்த மாதிரி கும்பிட்டேன். "ஐயா, அப்ப எங்களை வச்சுக்குவீங்களா?"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பாத்தாரு. "துரை உங்ககிட்டச் சொல்லலையா?"

"என்னங்க சொல்லணும்?"

அவர் கழுத்தைத் தடவிக்கிட்டாரு. "என் சமையல் ஆள் ஊர்லேருந்து குடும்பத்தோட வாறாங்க. போன மாசமே துரைக்கு எழுதிட்டேனே."

கெட்ட மனுஷனா இருந்திருந்தா காலத்துக்கும் திட்டிக்கிட்டுக் கிடந்திருப்பேன். அவர் நெஜமாவே சங்கடப்பட்டாரு. மெதுவா உள்ள போயிட்டாரு.

பின்னாலேயே துரைசானி வந்தாங்க, மொகமெல்லாம் சிரிப்பு. எல்லாரும் உருண்டையைத்தான் பேசுறாங்களாம். "நீங்களும் துரையும் போன மாசமே இதைத் தெரிஞ்சு வச்சிருந்தீங்களா?"ன்னு கேட்டேன். அவங்க சிரிப்பு கொஞ்சம் கொறைஞ்சுது.

"சொன்னா உங்களுக்குக் கவலை வரும். சமையல் கெட்டுப் போகும். விருந்து முடியட்டும்னு துரை சொன்னார்."

என் வீட்டுக்காரர் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஏதாவது கேப்பாருன்னு பாத்தேன். "சரிங்க துரைசானி"ன்னு சொல்லிட்டு, மிச்ச உருண்டைக்குக் குச்சி குத்த உள்ள போயிட்டாரு.

"அப்ப நான் எங்க போய்ப் பிள்ளை பெத்துக்க?"ன்னு நான் கேட்டேன். துரைசானி என் வயித்தைப் பாத்தாங்க, கைக்கடிகாரத்தைப் பாத்தாங்க. புடிங் எடுக்க நேரமாச்சுன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாங்க.

அடுத்த மாசம் அறையைக் காலி பண்ணினோம். அண்ணன் காம்பராவுல படுக்க இடமில்ல, வாசத் திண்ணையிலதான் முடங்கிக் கிடந்தோம். செக்ரோல்ல பேரைச் சேக்கச் சொல்லி ஆபீஸ்ல போய் நின்னோம், புது நிர்வாகம் வரட்டும்னு கிளாக்கர் கையை விரிச்சுட்டாரு. எனக்கு வலி கண்ட அன்னைக்கு நல்ல மழை. கொழுந்து எடுக்கப் போறவங்க கைப்பிள்ளைங்களை விட்டுட்டுப் போற பழைய பிள்ளைக்காம்பரா ஒண்ணு பூட்டிக் கிடந்துச்சு. வாழ்க்கையில யாரையும் எதிர்த்து ஒரு சொல்லு சொல்லாத என் வீட்டுக்காரர் கல்லை எடுத்து அந்தப் பூட்டை உடைச்சாரு. என் மக அங்கதான் பிறந்தா.