ஓவனுக்குள் பன்னிரண்டு பீர் பாட்டில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான்கு வருடங்களாக என்னோடு பேசாத அண்ணன், ஹூஸ்டனிலிருந்து வேலையாக வருவதாகவும், சனிக்கிழமை எங்கள் வீட்டில் எட்டிப் பார்ப்பதாகவும் என் மனைவிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். அவர் மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு, ஆபீஸ் வேலையைச் சாக்குச் சொல்லி நான் போகவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அண்ணன் பீர் பிரியர். நானே வீட்டில் தயாரித்த பீரை நீட்டினால் ஒரே நாளில் சமாதானமாகிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். ஆனால், பாட்டிலில் அடைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கூடச் சேர்த்த சர்க்கரையை ஈஸ்ட் நிதானமாகத் தின்றால்தான் நுரை வரும், ருசியும் கூடும், மூன்று வாரமாவது தொடாதே என்று சாமான் விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். யார் கேட்டது? குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க, ஓவன் விளக்கை மட்டும் போட்டு, அந்த இளஞ்சூட்டில் உள்ளே வைப்பது இங்கே நம்மவர்கள் வழக்கம். மாவு ஒரே ராத்திரியில் பொங்குகிறதே, பீருக்கு மட்டும் என்ன கேடு? வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பாட்டில்களை ஓவனுக்குள் அடுக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாடிக்கு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

பள்ளி விட்டு வந்த மகள், பெரியப்பாவுக்கு குக்கீ செய்யப்போகிறேன் என்று, உள்ளே பார்க்காமலே ஓவனைச் சூடேற்றிவிட்டு, வெண்ணெய் எடுக்க பேஸ்மென்டுக்குப் போயிருக்கிறாள். படபடவென்று வெடித்த சத்தத்தில் ஓடிவந்தேன். கதவுக் கண்ணாடி நொறுங்கி, சமையலறை முழுக்கச் சில்லு.

"டாடி, ஹூ புட்ஸ் பீர் இன் தி ஓவன்?" என்று மகள் அழுதாள்.

"இது என்ன இட்லி மாவா? கொழந்தை இங்க நின்னிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" என்றாள் மனைவி. நான் துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். ஓவனில் வைக்காமல் அலமாரியிலேயே விட்டிருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"பச்சை வாசனையே போகலையேடா!"

அவசரமாக, விழாவுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"மீதியைத் தொடாம வை. ஏப்ரல்ல வரேன். எல்லாம் அப்ப பேசிக்கலாம்."

சொன்னபடி வந்தார். பீர் தெளிந்திருந்தது, நுரை கட்டி நின்றது. பாதி குடித்ததும், "ஒரு நாள் லீவு போட முடியலையாடா உனக்கு? எம் பையன் அன்னிக்கு வாசலையே பாத்துட்டிருந்தான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது, "அடுத்த தடவை பீர் போடறப்ப நானும் கூட இருக்கேன், சேந்து செய்யலாம்" என்றார்.

சீக்கிரம் மன்னிக்கச் சொல்லி அவரை அவசரப்படுத்தியதும் என் சுயநலம்தான், அவர் மனதாரக் கோபப்பட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.