ஜனவரி டெங்கு

டெல்லியில் டெங்கு மழையோடு வரும், குளிரில் போய்விடும். லட்சுமணன் மாமாவுக்கு மட்டும் ஜனவரியில் வந்தது. ஆர்.கே.புரத்துத் தமிழர்கள் அதையும் நம்பினார்கள். அவர் மனைவி பூங்கோதை அத்தை அழுதுகொண்டே சொன்ன விதம் அப்படி.

மாமா எங்களுக்கு மேல் மாடி. அம்பாசமுத்திரத்துக்காரர். இங்கே தமிழர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவர்தான் சமையல். ஒருமுறை அவர் ரசத்தில் மிளகாய்த்தூளைக் கொட்டினேன். அடிக்கவில்லை. அதையே டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அத்தைக்குத் தெரியும். மாத்திரை டப்பாவை ஒளித்து விளையாடப்போய் எனக்கும் தெரிந்தது. தினமும் மாத்திரை போட்டு வருஷக்கணக்காக நன்றாகத்தான் இருந்தார். போன கல்யாண சீசன் முழுக்க வெளியூர் மண்டபங்களில் வேலை. உதவியாட்களோடு ஒரே பாயில் படுக்கை. எவனாவது பார்த்துவிடுவான் என்று டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்தவருக்கு உடம்பெல்லாம் ஊதா ஊதாவாகத் தடம். பேச்சும் குழறியது. பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்றதும் டெங்கு என்றே அத்தை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஆளாளுக்குப் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயம் புரிந்தது. மாத்திரையை விட்டதில், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சத்தை அவர் உடம்பே அழிக்கிறதாம். மெஷினில் அவருடைய பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அடுத்தவர் பிளாஸ்மாவை ஏற்ற வேண்டும், தினமும். அதற்கும் கேட்காவிட்டால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி. எதிர்ப்புச் சக்தியே இல்லாதவருக்கு அதை அடக்க ஊசி! சொல்லும்போது டாக்டரே தலையைச் சொறிந்தார்.

மெஷின் போட்டதும் மாமா தெளிந்தார். "ஏல, மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்க?" என்றார். ஆனால் வாங்கிய பிளாஸ்மாவுக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க ஆள் கேட்டது ரத்த வங்கி. அத்தைக்கு ரத்தசோகை. எனக்கு வயசு பதினேழு. "ஜாவ் பேட்டா, தூத் பியோ" என்று, போய்ப் பால் குடிக்கச் சொல்லித் துரத்திவிட்டான் அங்கிருந்தவன். முதலில் வந்த ஆட்கள் மெல்ல நின்றுபோனார்கள்.

"டெங்குன்னா பிளேட்லெட்தானே கேப்பாங்க? நீங்க பிளாஸ்மா பிளாஸ்மாங்கறீங்க," என்றார் அத்தையிடம் போனில், பக்கத்துத் தெரு ஸ்ரீதர் அங்கிள். "ஜனவரில கொசுவே கிடையாதேம்மா. அச்சா, பாக்கறேன்."

அத்தை மாமாவின் காதருகே குனிந்தாள். "உள்ளதச் சொல்லிருவமா? பாவம்னு நாலு பேராவது வருவாங்க."

"வருவாங்க. பெறவு என் கையால திம்பாங்களா?"

"சாப்பாட்டுல ஒட்டாதுன்னு டாக்டரே சொல்றாரே?"

"டாக்டரா பந்தில வந்து உக்காரப் போறாரு? சொல்லாத, கோத."

அத்தை எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் டெங்கு என்றே போட்டாள். கும்பிடு கைகள் சரம்சரமாக வந்தன. ஊசி குத்த ஒரு கையும் வரவில்லை.

பதில் ரத்தம் வராததால், அன்று மெஷின் வேறு யாருக்கோ போனது. சாயங்காலம் மாமா அத்தையை யாரோ போல உற்றுப் பார்த்தார்.

"பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார். "இருங்க, சாப்பிட்டுப் போலாம்."