சித்தியைப் பற்றி ஃபாதரிடம் சொன்னது

கோயிலில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவதைப் புதுநன்மை என்போம். அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஃபாதர் முன்னால் முட்டி போட்டு நம் பாவங்களைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. சொல்வதற்குப் போதுமான பாவம் கைவசம் இல்லையே என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. தம்பியின் பல்பத்தைத் தின்றது, மணி அடிக்கும் முன்பே டிபன் பாக்ஸைத் திறந்தது, அவ்வளவுதான் சேர்ந்திருந்தது. அந்தக் கவலை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தீர்ந்தது.

எங்கள் வீடு சாந்தோமில் ஒரு சந்துக்குள் இருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். சித்தப்பா தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். சித்தியின் மார்பில் ஒரு கட்டி வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

அந்த வியாழக்கிழமை சித்தி எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்திருந்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டபடி நின்றிருந்தேன்.

“டாக்டரம்மாகிட்ட சொல்லிடுடி. ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க,” என்றாள் அம்மா.

“கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.”

“அந்தப் புள்ளியப் பாத்துக் கேக்கலியா?”

“கேட்டாங்க. சின்ன வயசுல ஆசைக்குப் பச்ச குத்திக்கினதுன்னேன்.”

சித்தியின் தொண்டைக்குழிக்குக் கீழே, சிலுவைச் சங்கிலி மறைக்கிற இடத்தில், கடுகு அளவுக்கு நீலப் புள்ளி ஒன்று உண்டு. அது ஆசைக்குக் குத்தியதல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினாறு வயதில் சித்திக்குக் கழுத்தில் நெறிகட்டி வந்திருக்கிறது. அதுவும் புற்றுநோய்தான், வேறு வகை. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர்வீச்சு கொடுத்துக் குணமாக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். எங்கே வைப்பது என்று தினமும் தேடாமலிருக்க இட்ட அடையாளம் அந்தப் புள்ளி. கல்யாணப் பேச்சு வந்தபோது தாத்தா இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். சித்தப்பாவுக்கு எதுவும் தெரியாது.

“திரும்ப அதே எடத்துல வைக்கப் போறாங்கடி. எதுனா ஆயிடுச்சுன்னா?”

“ஆவட்டும்க்கா. பதினஞ்சு வருஷம் கழிச்சு அவர் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? எங்க மாமியாரு என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க.”

அப்போது ஜாடி மூடி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“டேய், இங்க வா. எவ்ளோ எடுத்த?” என்றாள் சித்தி.

“ஊறுகாயா சித்தி?”

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஜெபமாலையை என் கையில் வைத்து, யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கு நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன், “ரெண்டாவது வாட்டி கரண்ட் வெச்சா இன்னாம்மா ஆவும்?”

“ஒரே எடத்துல இஸ்திரிப் பெட்டிய வெச்சுக்கினே இருந்தா துணி இன்னா ஆவும்? பேசாம நட.”

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் சித்தி போய்விடுவாள். கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வழி பிறந்தது. பாவசங்கீர்த்தனத்தில் எதையும் ஒளிக்கக்கூடாது என்று எங்களைப் புதுநன்மைக்குத் தயார்செய்யும் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியானால் ஃபாதரிடம் சொல்வது சத்தியத்தை மீறுவதாகாது. ஃபாதரோ பெரிய மனிதர். அவர் ஒரு போன் போட்டால் டாக்டரம்மா எழுந்து நின்று கேட்பார்.

சனிக்கிழமை வரிசையில் நின்று, மரக்கூண்டின் ஓரத்தில் முட்டி போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதரின் காது மட்டும் தெரிந்தது.

“ஃபாதர், பல்பம் தின்னேன். ஊறுகா திருடினேன். அப்பறம், எங்க சித்திக்கு ஏற்கெனவே ஒரு வாட்டி கரண்ட் வெச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட மறைக்கறாங்க. செவ்வாக்கெழம ஆபரேஷன். டாக்டரம்மா போன் நம்பரு எங்கம்மா டைரில கீது.”

வலைக்குப் பின்னாலிருந்த காது விலகி, ஒரு கண் தெரிந்தது.

“இது உன் பாவம் இல்லியேப்பா.”

“தெரியும் ஃபாதர். நீங்க சொல்லிடுங்க.”

“இங்க கேக்கறத நான் வெளிய சொல்லக் கூடாது. யார்கிட்டயும் கூடாது.”

“அப்ப எதுக்கு ஃபாதர் கேக்கறீங்க?”

ஃபாதர் இருமினார். “நான்தாம்ப்பா சொல்லக் கூடாது. நீ சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல,” என்றார். அபராதமாக மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார்.

மூன்றையும் சொல்லி முடித்தேன். பயம் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சித்தியும் சித்தப்பாவும் எங்கள் கோயிலுக்கே வந்தார்கள். ஃபாதர் சித்தியின் முகத்தைப் பார்த்து நன்மை கொடுத்தார், அடுத்தவருக்குக் கொடுத்தார், அதற்கடுத்தவருக்கும் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே முகம். எப்படி இப்படி ஒருவரால் இருக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கு விடுமுறை. சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்க்க அம்மா என்னையும் கூட்டிப் போனாள்.

“இன்னா நைனா, ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் கக்கிட்டியா? எதுனா மிச்சம் வெச்சுக்கினியா?” என்று சித்தப்பா என் தலையைத் தட்டினார். நான் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். “கட்டிய மட்டும் எடுத்துடுவோம். மார்ப எடுக்க வேண்டியதில்ல. அப்பறம் அஞ்சு வாரம் கரண்ட்.” பிறகு ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். “கடைசியா ஒரு வாட்டி கேக்கறேம்மா. இதுக்கு முன்னாடி எப்பவாவது கரண்ட் வெச்சிருக்கா?”

“இல்ல டாக்டர்.”

“இவளுக்குத் தலவலி கூட வந்ததில்ல டாக்டர்,” என்றார் சித்தப்பா பெருமையாக.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. டாக்டரம்மா பேனாவைத் தாளின் மேல் வைத்தார்.

“வெச்சிருக்காங்க,” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தி மட்டும் பார்க்கவில்லை.

“சித்திக்குப் பதினாறு வயசுல. கழுத்துல, நெஞ்சுல. அந்தப் புள்ளி அதுக்குத்தான்.” அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா என் கையை விட்டாள். பைக்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு பழைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து மேசை மேல் வைத்தாள். அன்று அதை ஏன் எடுத்து வந்திருந்தாள் என்று நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு ஃபைலைப் பக்கம் பக்கமாகப் படித்தார். சித்தப்பா சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குப் பொய்யே சொல்ல வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன்,” என்றார். பிறகு, “சொல்லியிருந்தா கட்டிக்கமாட்டேன்னு நெனச்சியா?” என்றார். அவர் எழுந்து வெளியே போனார். போயே விட்டார் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாக அழுதேன். ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து அதைச் சித்தியின் கையில் கொடுத்தார்.

“அன்னிக்கு அந்தக் கரண்ட்தான் உங்க உயிரக் காப்பாத்தியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “இப்ப வந்திருக்கறது அதனாலயே கூட வந்திருக்கலாம். அதே எடத்துல திரும்ப முழு அளவுக்கு வெச்சா தோலு, எலும்பு, இதயம் எதுவும் தாங்காது. கரண்ட் இல்லாம கட்டிய மட்டும் எடுத்தாப் பத்தாது. முழுசா எடுத்துடணும். இதயத்தையும் ஒரு வாட்டி பாத்துட்டுத்தான் மருந்து முடிவு பண்ணணும். நாளைக்கு வேணாம், வியாழக்கெழம வெச்சுக்கலாம்.”

முழுசா எடுத்துடணும் என்று கேட்டதும் என் அழுகை நின்றது. நோயைத்தான் முழுசாக எடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் ஞானோபதேச வகுப்பில், எங்க சித்தியக் காப்பாத்தினதே நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அப்படியே சித்தியின் காதுக்கும் போனதாம்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது ஞாயிறு என் புதுநன்மை. சித்தி வந்திருந்தாள். முன்பு எப்போதும் இல்லாத வகையில் முந்தானையை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்தியிருந்தாள். கோயில் வாசலில் அவளைப் பார்த்ததும் புது வெள்ளை உடுப்போடு கட்டிக்கொள்ள ஓடினேன். சித்தி இரண்டு கைகளையும் நீட்டி என் தோள்களைப் பிடித்து, ஒரு முழத் தூரத்திலேயே நிறுத்திவிட்டாள்.

சத்தியத்தை மீறியதை அவள் மன்னிக்கவில்லை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா முழுசா என்று சொன்னது எதை என்றோ, அந்தப் போர்வைக்குள் ஒரு பக்கம் வெறுமையாகி, தையல் போட்ட இடம் இன்னும் ஆறாமல் இருந்தது என்றோ ஒன்பது வயதில் யார் எனக்குச் சொல்வார்கள்? சித்தப்பா மட்டும் பின்னாலேயே பதறி ஓடி வந்து, “மெதுவாடா, மெதுவா,” என்றார். என் வெள்ளைச் சட்டை கசங்கிவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து, அதை நீவி விட்டுக்கொண்டு நின்றேன்.