எக்ஸ்ரே அறைச் சம்பந்தியம்மா

"தாடையைத் தூக்கி இதுல வைங்க. தோளை முன்னால தள்ளுங்க. என்ன வேலை பார்க்கறீங்க?"

எக்ஸ்ரே எடுக்க வருகிற யாரையும், ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும் அந்த அம்மாள் இந்தக் கேள்வி கேட்காமல் விடுவதில்லை. எத்தனை வருஷமாக, எந்த அடுப்பில் சமையல், வீட்டில் புறா வளர்க்கிறீர்களா என்று விசாரணை நீளும். சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பவர்கள் நெளிவார்கள். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் சம்பந்தியம்மா. "பையனுக்குச் சம்பளம் எவ்வளவுன்னும் கேட்டுடுங்களேன்" என்று சீண்டுவார்கள்.

"நெஞ்சைப் படம் எடுக்கறேன். அது எந்தக் காத்தைக் குடிச்சுதுன்னு தெரிய வேணாமா?" என்பார்.

போன வருஷம் ஒருவன் வந்தான். முப்பத்திரண்டு வயதுக்கு அறுபது வயது மூச்சு. காசநோய் என்று ஏழு மாதம் மாத்திரை விழுங்கியும் இளைத்துக்கொண்டே போனான். சளிப் பரிசோதனையில் ஒருமுறைகூடக் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் வீட்டில் அவனுக்குத் தட்டும் டம்ளரும் தனி. மகளைத் தூக்கிக் கொஞ்சியே மாதக்கணக்காகிவிட்டது.

"என்ன வேலை தம்பி?"

"கல் அறுக்கிறேங்க்கா. சமையல் மேடைக்கு."

"தண்ணி விட்டு அறுக்கறீங்களா, வெறும் கல்லாவா?"

"வெறுமனதான். எதிர்ல நிக்கிற ஆள் தெரியாது, அவ்வளவு தூசி."

இன்னொரு ஷிப்டில் எடுத்த அவனுடைய பழைய படங்கள் இரண்டையும் அம்மாள் தேடிப்பிடித்தார். புதியதையும் சேர்த்து டாக்டர் மேஜையில் பரப்பினார்.

"படம் எடுக்கறது உங்க வேலை. நோய் என்னன்னு சொல்றது என் வேலை" என்று டாக்டர் கடுகடுத்தார்.

"ஆமா டாக்டர். நோயைப் பத்தி நான் ஒண்ணும் பேசலை. அவன் கல் அறுக்கிறவன்னு மட்டும் சொல்றேன்."

டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். நெஞ்சின் இரண்டு பக்கமும் மணல் தூவினாற்போல் புள்ளிகள். மாத்திரைக்கு மசியாமல் படத்துக்குப் படம் பெருகியிருந்தன. அவர் முகம் மாறியது. பெரிய மருத்துவமனைக்குத் தானே போன் செய்தார்.

கல்தூசிதான். கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது என்றார்கள். மாத்திரை நின்றது, கல் வேலையும் நின்றது. இப்போது ஒரு கிடங்கு வாசலில் வண்டி எண் எழுதுகிறான். ஒட்டிக்கொள்ளும் நோயில்லை என்று தெரிந்த அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தானாம். பத்தடியில் மேல்மூச்சு வாங்கியது, இறக்கிவிடவில்லை.

சென்ற வாரம் மதியம், அம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம், டாக்டரின் சீட்டோடு நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்ககூடக் கல் அறுத்தானே, அவன்தான் அனுப்பினான்க்கா. எங்களுக்கு இருமல்கூட இல்லை. போய்ப் பார்த்துட்டு வாங்கடான்னு உயிரை வாங்கறான்."

அம்மாள் முன்னால் நின்றவனின் புருவத்தில் கட்டைவிரலை ஓட்டினார். ஒட்டிய வெள்ளைத் தூசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.