கல்லுக்கு உயிர் கீதா?

ஷோபனாவின் வலைப்பூவில் நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. அழித்தது அவளேதான். அழிக்கும்போது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய அப்பா சிவராமனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆவடியில் ராணுவ டாங்க் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாபுதுப்பேட்டையில் கட்டிய வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். நான் கள்ளிக்குப்பத்திலிருந்து காலையில் வந்து சாயங்காலம் வரை இருப்பேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைப்பது, கைகால்களை நீட்டி மடக்குவது. வயதான காலத்தில் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்ட தொழில். ஒழுங்காகச் செய்தால் படுக்கைப்புண் வராது. அவருக்கு வரவில்லை.

ஷோபனா பி.எட். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் மருந்துப் பெட்டிக்கும் கஞ்சிக் கோப்பைக்கும் நடுவில் அவளுடைய லேப்டாப் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பயிற்சி ஆசிரியையாகப் பதினாறு வாரம் பாடம் நடத்த வேண்டும் என்பது விதி. ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி வலைப்பூவில் ஏற்றுவாள். வலைப்பூவின் பெயர் ‘ஆறாம் வகுப்பு ஆ பிரிவு’. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போனால் வகுப்பில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் பீரோவுக்குப் பின்னால். அதை ஒரு பதிவாக எழுதினாள். பீரோவை நகர்த்திய பிள்ளைகள் அதற்கடியில் மூன்று வருடத்துக்கு முந்தைய விடைத்தாள்களைக் கண்டெடுத்தது அடுத்த பதிவு. எனக்குப் படித்துக் காட்டுவாள். சிரிப்பாகத்தான் இருக்கும்.

அவளுடைய பெரிய யோசனை வேறு. பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்கட்டும் என்றாள். ஒவ்வொரு பிள்ளையும் போனில் ஒரு கேள்வியைச் சொல்லும். சொன்னது திரையில் எழுத்தாக வரும். தன் பேச்சு எழுத்தாவதைப் பார்த்தால் எழுதவும் ஆசை வரும் என்பது அவள் கணக்கு. தப்பான கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். நோட்டையே தொடாத பிள்ளைகள்கூட வரிசையில் நின்றார்களாம். குரலையும் எழுத்தையும் சேர்த்து வலைப்பூவில் போடுவாள். போனில் இடம் போதாது, அதனால் ஏற்றியவுடன் குரல்களைப் போனிலிருந்து அழித்துவிடுவாள்.

உயிருள்ளவை, உயிரற்றவை பாடத்துக்கு இருபத்தேழு கேள்விகள் வந்தன.

“கல்லுக்கு உயிர் கீதா?”

“மோட்டார் ஓட்னா சத்தம் போடுதே, அதுக்கு உயிர் கீதா மிஸ்?”

“குப்பத்தொட்டில புழு கீதா?”

கீதா என்றால் இங்கே ‘இருக்கிறதா’ என்று அர்த்தம். எனக்கு அது பேச்சு, அவ்வளவுதான். குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஷோபனாவுக்கோ அது அதிசயம். சின்ன வயதில் அவள் விளையாடிவிட்டு வந்து ஒருநாள் ‘கீது’ என்று சொன்னதற்கு சிவராமன் வாயிலேயே ஒன்று போட்டாராம். ‘ஒழுங்கா இருக்குன்னு சொல்லு’ என்றாராம். இப்போது அவள் அதே பேச்சை ‘மண் மணக்கும் மொழி’ என்று எழுதி, ‘கல்லுக்கு உயிர் கீதா?’ என்று தலைப்பு வைத்து ஏற்றினாள். அன்றைக்கு வகுப்பு சிரித்தது போல் என்றைக்கும் சிரித்ததில்லை, கற்றலில் இருக்கும் மகிழ்ச்சி இதுதான் என்று முடித்திருந்தாள்.

சாயங்காலம் அந்தக் குரல்களை அப்பாவின் தலைமாட்டில் ஓடவிடுவாள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வருகிறவர் படம் போட்ட அட்டைகளைக் காட்டிக்கொண்டே இருப்பார், சிவராமன் சுவரைப் பார்ப்பார். பிள்ளைகள் பேசினால் மட்டும் முகம் திரும்பும். பத்து நாள் போயிருக்கும். தம்ளர் காலியாக இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கீதா?” என்றார்.

பதினான்கு மாதத்தில் முதல் வார்த்தை. அவருடைய மருந்தையும் திருப்பிய நேரத்தையும் எழுதிவைக்கும் நோட்டில் தேதி, நேரம், வார்த்தை மூன்றையும் குறித்தேன்.

“இன்னா நைனா, உம் பொண்ணு வாயில போட்டியே, இப்ப நீயே சொல்றியே,” என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் கொடுத்தேன். இடது பக்க உதடு மட்டும் சிரித்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது. பேப்பருக்கு, ஷோபனாவுக்கு, மின்விசிறிக்கு, எல்லாவற்றுக்கும் கீதா?

இதற்குள் கல்லூரியில், வலைப்பூவைக் கருத்தரங்கில் காட்டலாம், ஆங்கிலத்திலும் வேண்டும் என்றார்கள். ஷோபனா மொழிபெயர்க்கும் பட்டனைத் தட்டினாள். வந்ததை அப்படியே கீழே ஒட்டினாள். படித்துப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அன்று காய்ச்சல், நேரமில்லை என்றாள். இருக்கலாம்.

இயந்திரத்துக்குக் கீதா என்றால் ஒரு பெண்ணின் பெயர். கல்லுக்கு உயிர் தந்த கீதா என்று ஆங்கிலத்தில் எழுதியது. குப்பைத்தொட்டிக் கேள்வி, ‘கீதா குப்பைத்தொட்டியில் ஒரு புழு’ என்று ஆனது.

பள்ளியின் தலைமை ஆசிரியை பெயர் கீதா.

வாசலில் பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எச்.எம். மேடம், அல்லது பெரிய டீச்சர். ஷோபனாவுக்கு அது மனதில் தட்டவே இல்லை. ஆங்கில ஆசிரியர் பக்தவத்சலம் அந்த வரியைப் படம் பிடித்து ஆசிரியர்கள் குழுவில் போட்டார். ‘நம் பள்ளியின் புழுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்தார். அவருக்கும் எச்.எம்.முக்கும் பழைய பகை.

மறுநாள் ஷோபனா வகுப்புக்குப் போய், முதல் பெஞ்சில் இருக்கும் சுவேதாவைக் கேட்டிருக்கிறாள்.

“பெரிய டீச்சர் பேர் உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“தெரியும் மிஸ். அதுக்குத்தான சிரிச்சோம்.”

இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவள் முதல்தடவையாக அழுதாள். எச்.எம். கூப்பிட்டுத் திட்டியதற்கு அழவில்லை.

பயிற்சிப் பதிவேட்டில் எச்.எம். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அது இல்லாவிட்டால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கில்லை, மறுபடி ஒரு வருடம். பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளியில் ஜூனில் சேரலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் போய்விடும்.

“எச்.எம். வீடு உங்க கள்ளிக்குப்பத்துலதான் அஞ்சலம்மா. அவங்க பேரு கீதா. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாமலா? கீதாவின் அம்மா வேம்புலியம்மாளைக் கடைசி எட்டு மாதம் பார்த்துக்கொண்டவள் நான். இடுப்பெலும்பு உடைந்து கிடந்த கிழவி. ஏரிக்கரை நிலங்களில் நாற்று நட்டு மகளைப் படிக்கவைத்தவள். தாகம் எடுத்தால், “தண்ணி கீதா கண்ணு?” என்பாள். கீதா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “தண்ணி இருக்கான்னு கேளும்மா,” என்பாள். அம்மா அப்படிச் சொன்ன பிறகுதான் தம்ளர் உதட்டுக்குப் போகும். எனக்குப் பிடிக்காது. ஆனால் அது அவர்கள் வீடு.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு சுதாவை சிவராமனிடம் உட்காரவைத்துவிட்டு ஷோபனாவை அழைத்துப்போனேன். கீதா எங்களை உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள். அவளுக்கு ஐம்பத்துமூன்று வயதிருக்கும், தலை நன்றாக நரைத்துவிட்டது.

“டீச்சர், கொயந்த தெரியாம பண்ட்டுது. உட்டுடு,” என்றேன்.

“அஞ்சலம்மா, எங்கம்மாவ நீங்க பாத்துக்கிட்டத நான் மறக்கல. ஆனா இதுல பேசாதீங்க.” ஷோபனா பக்கம் திரும்பினாள். “பட்டனைத் தட்டுன. வந்ததப் படிச்சியா?”

“படிக்கல மேடம்.”

“நாளைக்கு டீச்சர் ஆகப்போற பொண்ணு. எழுதுனத ஒரு தடவ படிக்கல.”

“தப்புதான் மேடம். புழுன்னு வந்ததுக்கு நான் எழுத்துல மன்னிப்பு…”

“புழுவ விடு. நான் ஏழாவது படிக்கும்போது உங்க குவார்ட்டர்ஸ் பசங்களோட ஒரே கிளாஸ். மத்தியானம் நான் டப்பாவத் தொறந்தா பெஞ்சத் தட்டுவானுங்க. கீதா, சோறு கீதா? கொழம்பு கீதா? தினம். எம்பேர வச்சே. அந்த வருஷம் பூரா கக்கூஸ்கிட்ட நின்னு சாப்பிட்டேன்.”

ஷோபனா பதிவேட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“உனக்கு அது மண் மணக்கும் மொழி. சரி, நீ பேசுவியா? இன்டர்வியூல போய் உக்காந்து, சர்டிபிகேட் கீது சார்னு சொல்லுவியா?”

“மாட்டேன் மேடம்.”

“அந்தப் பிள்ளைங்க சொல்லும். சொல்லிட்டு வெளிய வரும். அவங்க வாயில ‘இருக்கு’ வரவைக்க நான் இருபத்தெட்டு வருஷமா கத்தினு…” நிறுத்தினாள். “கத்திக்கிட்டு இருக்கேன். நீ வந்து பதினாறு வாரத்துல கைதட்டி, ஊருக்கே போட்டுக் காட்டிட்டுப் போற. அவங்க அப்பா அம்மா யாரையாவது கேட்டியா?”

“கேக்கல.”

“அழிச்சிடு. கையெழுத்துப் போடறேன்.”

ஷோபனா போனை எடுத்தாள். “அந்தப் பதிவ இப்பவே எடுத்துடறேன் மேடம்.”

“எல்லாத்தையும்.”

“மத்த நாப்பதுலயும் உங்க பேர் எங்கயும்…”

“மத்ததுலயும் பிள்ளைங்க குரல் கீ…” கீதா மோர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். “இருக்கு இல்ல? எல்லாத்தையும். தொண்ணூறு நாளுக்குள்ள திரும்ப எடுக்கலாம்னு எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் பயிற்சிக்கு நானும் போயிருக்கேன். குப்பைக்கூடையில இருந்தும் எடுத்துடு.”

‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று போன் கேட்டது. ஷோபனா என்னைப் பார்த்தாள். அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் ஒரு நோயாளி வாய் திறக்கிறார், ஒரு பிரதி எடுத்துக்கொள்ள விடு என்று நான் கீதாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையெழுத்துக் கிடைத்தால் போதும், பதினோரு மணி மாத்திரைக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். ஷோபனாவும் சொல்லவில்லை. பயம். தட்டினாள்.

கீதா பதிவேட்டை வாங்கி எல்லா இடத்திலும் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை பள்ளியில் இருக்கிறது, திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றாள். நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தாள். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள். “அம்மாவுக்குத் திதி வருது, வாங்க,” என்றாள். நான் போகவில்லை.

அன்று சாயங்காலம் சிவராமன் மகளின் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“கீதா?”

“இல்லப்பா,” என்றாள்.

மறுநாளும் கேட்டார். ஒரு வாரம் பொறுத்து, நானே பிள்ளைகளைப் போல் சொல்லிப் பார்த்தேன், “கல்லுக்கு உயிர் கீதா நைனா?” என்று. என் கிழட்டுக் குரல் எடுபடவில்லை. சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

ஜூனில் ஷோபனா பூந்தமல்லிப் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை இருக்கிறது. பாடம் எங்கிருந்தோ தயாராக வந்துவிடுகிறது, இவள் ஓடவிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. போனைக் காலையில் அலுவலகப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ‘புதுமைக் கற்பித்தல்’ என்று மாதம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். போன வருடம் யாரோ எழுதியதை எடுத்துத் தேதியை மாற்றுகிறாள். அனுப்பும் முன் இரண்டு தடவை படிக்கிறாள்.

போன வியாழக்கிழமை ஆறு மணி இருக்கும். அவள் வந்து பையை வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இடது கையை நீட்டி போனைத் தொட்டார். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

“கீதா?”

ஷோபனா அவர் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினாள்.

“இருக்கான்னு கேளுங்கப்பா. எங்க, சொல்லுங்க. இ-ருக்-கா.”

அவர் உதடு கூடியது, பிரிந்தது. சத்தம் வரவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள், நிறுத்தி, நல்ல உச்சரிப்போடு. வகுப்பில் சொல்வது போலத்தான் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கடைவாயில் வழிந்ததைத் துடைத்தேன். திருப்பும் நேரம் வந்துவிட்டது. இடது பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்து, நோட்டில் நேரத்தைக் குறித்தேன். அவர் கேட்ட ‘கீதா’வை எழுதாமல், வார்த்தை என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.